காலை 6.45க்கு ஒரு நல்ல வார்த்தை

வாரத்தில் ஐந்து நாள், காலை மணி 6.45க்கு, முப்பது வினாடி எனக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் சாலை நிலவரம். கூட்டரசு நெடுஞ்சாலையில் ஷா ஆலாமிலிருந்து நெரிசல் என்று சொல்லுவேன். நெரிசல் இல்லாத நாளை நான் பார்த்ததில்லை. அதற்குப் பின்னால் ஒரு துள்ளல் பாட்டு. இரண்டுக்கும் நடுவில் புல்லாங்குழல் இசை மெல்ல எழ, நான் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி ஒரு பொன்மொழி சொல்ல வேண்டும். அட்டவணையில் அதன் பெயர் 'இன்றைய சிந்தனை'. நிலையத்துக்குள் நாங்கள் அதைக் 'குழல்' என்போம். "குழல் ரெடியா?" என்று தயாரிப்பாளர் கேட்டால், இன்றைக்கு மக்களுக்கு என்ன ஊக்கம் கொடுக்கப் போகிறாய் என்று அர்த்தம்.

எட்டு வருடமாக இதைச் செய்கிறேன். ஏறக்குறைய இரண்டாயிரம் பொன்மொழிகள் சொல்லியிருப்பேன்.

இவ்வளவும் எங்கிருந்து கிடைக்கின்றன என்று நேயர்கள் கேட்பதுண்டு. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பாதி, தினமும் கிழிக்கிற காலண்டர் தாளின் அடியில் இருப்பவை. மீதி, புலனத்தில் வருபவை. சூரியன் உதிக்கும் படம், அதன் மேல் மஞ்சள் எழுத்தில் நான்கு வரி, கீழே ஒரு பெரியவரின் பெயர். ஒரே வாக்கியம் திங்கட்கிழமை புத்தர் பெயரிலும், புதன்கிழமை விவேகானந்தர் பெயரிலும், வெள்ளிக்கிழமை ரஜினி படத்தோடும் எனக்கு வந்திருக்கிறது. டாக்டர் அப்துல் கலாம் 2015 ஜூலை 27ஆம் தேதி ஷில்லாங்கில் மாணவர்கள் முன்னால் உரையாற்றிக்கொண்டிருந்தபோதே மயங்கி விழுந்து காலமானார். அதற்குப் பிறகும் புலனத்தில் அவர் தினமும் புதிதாக ஏதாவது சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார். யார் சொன்னது என்று உறுதியாகத் தெரியாததை 'ஓர் அறிஞர் சொன்னார்' என்று நான் சொல்லிவிடுவேன். ஊடகவியல் படித்தவள் செய்யக்கூடிய காரியமா என்று கேட்டால், இல்லைதான்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை, அப்படி ஓர் அறிஞரின் வாசகத்தைச் சொன்னேன்.

"முயன்றவன் தோற்றதில்லை, தோற்றவன் முயன்றதில்லை."

நன்றாக இருக்கிறது அல்லவா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சொல்லும்போது நாக்குக்கே இனித்தது. குழல் ஓய்ந்தது, பாட்டு ஓடியது, நான் கோப்பியை எடுத்துக்கொண்டேன்.

ஏழரை மணி வாக்கில் நிலையத்தின் புலனத்துக்கு ஒரு குரல் பதிவு வந்தது. கிள்ளானிலிருந்து ஓர் அக்கா. பின்னால் பாத்திரம் உருட்டும் சத்தம்.

"தங்கச்சி, ஒன்னு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. தெனமும் ஒங்க புரோகிராம்தான் கேக்குறோம். இன்னிக்கு நீங்க சொன்னீங்களே, தோத்தவன் முயற்சி பண்ணலன்னு. எங்க வீட்டுக்காரரு ஷா ஆலாம்ல ஒரே ஃபேக்டரில இருபத்திரெண்டு வருசம் வேல செஞ்சாரு. ஒரு நாள் ஒடம்பு சரியில்லன்னு லீவு எடுத்ததில்ல. மூடிட்டாங்க. எட்டு மாசமா அவரு வேல தேடாத எடமில்ல. வயசு நாப்பத்தொம்பதுன்னு சொன்னதும் ஃபாரத்த வாங்கி வச்சுக்குறாங்க, கூப்பிடுறதில்ல. பசியாற ஒக்காந்தவரு ஒங்க பேச்சக் கேட்டுட்டுத் தட்டத் தள்ளி வச்சுட்டாரு. நான் ரேடியோவ அணைச்சுட்டேன். அவ்ளோதான், சொல்லணும்னு தோணுச்சு. வச்சுர்றேன்."

ஐம்பது வினாடிப் பதிவு. என் முப்பது வினாடியைவிட இருபது வினாடி அதிகம்.

எனக்கு வருகிற வசவுகள் உண்டு. பாட்டு பிடிக்கவில்லை, தமிழ் சரியில்லை, அதிகம் சிரிக்கிறீர்கள் என்று வரும். அதெல்லாம் என்னைத் தைத்ததில்லை. இந்த அக்கா என்னைத் திட்டக்கூட இல்லை. அன்று பத்து மணிக்கு நிகழ்ச்சி முடிந்ததும் கார் நிறுத்துமிடத்தில் அந்தப் பதிவை மூன்று தடவை கேட்டேன். பிறகு அந்த வாசகத்தை எழுதிப் பார்த்தேன். ஓசையை எடுத்துவிட்டு அர்த்தத்தை மட்டும் எழுதினால் என்ன வருகிறது? 'வேலை போனவர்கள் எல்லாரும் சோம்பேறிகள்.' இதை நான் காலையில் ஒலிவாங்கியில் சொல்லியிருக்கிறேன், புல்லாங்குழலோடு.

ஓசைக்கு இப்படி ஒரு மயக்கு வேலை உண்டு என்பதை நான் பாடமாகவே படித்திருக்கிறேன். 2000ஆம் ஆண்டில் மேத்யூ மெக்லோன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாவும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதிகம் கேள்விப்பட்டிராத முதுமொழிகளை எடுத்து, அதே பொருளை இயைபு உள்ள வடிவத்திலும் இயைபைக் குலைத்த வடிவத்திலும் ஆட்களிடம் காட்டினார்கள். இயைபோடு இருந்ததே கூடுதல் உண்மை என்று மதிப்பிட்டார்கள். பொருளை ஓசையிலிருந்து பிரித்துப் பாருங்கள் என்று முன்கூட்டியே எச்சரித்தபோது அந்த வித்தியாசம் குறைந்துபோனது. எதுகையும் மோனையும் தாய்ப்பாலோடு குடித்த நமக்கு இந்த ஆய்வைப் படிக்கும்போது கொஞ்சம் கூச்சமாகவே இருக்கும். மேடையில் அடுக்குமொழி கேட்டுக் கைதட்டியே வளர்ந்தவர்கள் நாம். தமிழ் மட்டும் என்ன, தமிழ்ப்பள்ளியில் நாம் எல்லாரும் மனப்பாடம் செய்த 'சிக்கிட் சிக்கிட், லாமா லாமா ஜாடி புக்கிட்' என்ற மலாய்ப் பழமொழியும் ஓசையால்தான் இன்னும் நாக்கில் நிற்கிறது. நம் 'சிறு துளி பெரு வெள்ளம்' அங்கே மலையாகக் குவிகிறது.

இன்னோர் ஆய்வு இதைவிட என்னைச் சங்கடப்படுத்தியது. 2009இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜோன் வுட் என்பவரும் குழுவினரும் செய்தது. 'நான் அன்புக்கு உரியவன்' என்ற பொருளில் ஒரு வாக்கியத்தைத் தனக்குத் தானே திரும்பத் திரும்பச் சொல்லச் செய்தார்கள். ஏற்கெனவே தன் மேல் நல்ல மதிப்பு வைத்திருந்தவர்களுக்கு அது கொஞ்சம் உதவியது. தன்னைப் பற்றித் தாழ்வாக நினைத்திருந்தவர்களோ, அதைச் சொன்ன பிறகு, சொல்லாதவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். யாருக்காக அந்த வாக்கியம் தயாரிக்கப்பட்டதோ அவரையே அது குத்துகிறது. தட்டைத் தள்ளி வைத்தவரின் முகம் எனக்குத் தெரியாது. ஆனாலும் அந்த வாரம் முழுவதும் மணி 6.45 ஆனால் அவர் என் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் பிஃபிரெண்டர்ஸ் அமைப்பில் தொண்டராக இருக்கும் ஒரு தோழியிடம் பேசினேன். 1970இலிருந்து இயங்கி வரும் அமைப்பு அது. மனம் உடைந்தவர்கள் எந்த நேரமும் 03-76272929 எண்ணில் அழைக்கலாம். "போன்ல நீங்க என்ன சொல்லித் தைரியம் கொடுப்பீங்க?" என்று கேட்டேன். ஒரு பயிற்சி வகுப்பு எதிர்பார்த்தேன். "புத்தி சொல்லக்கூடாதுங்கறதுதான் எங்களுக்கு மொதல் பாடம். கேப்போம், அவ்ளோதான்" என்றாள். பிறகு, "ஒனக்கு அது கஷ்டம், நீ பேசிச் சம்பாதிக்கிறவ" என்று சேர்த்துக்கொண்டாள். தோழிகள் இப்படித்தான்.

பொன்மொழி மேல் எனக்குக் கோபம் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். நான் பழமொழிகளால் வளர்க்கப்பட்டவள். என் பாட்டி காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். எழுதப் படிக்கத் தெரியாது. பழமொழிக்குப் பஞ்சமில்லை. ஆனால் காலையில் எழுந்ததும் பொதுவாக ஒன்றைச் சொல்லி வைக்கும் பழக்கம் அவரிடம் இருந்ததில்லை. காத்திருப்பார். ஐந்தாம் படிவத்தில் சோதனைத் தேர்வில் கணிதத்தில் நான் தோற்றபோது இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சம்பல் அரைத்துக்கொண்டே, "அடி மேல அடி வச்சா அம்மியும் நகரும்" என்றார். நான் தலையை ஆட்டினேன். "ஆனா ஒரே பக்கமா அடிக்கணும். நாலு பக்கமும் தட்டிக்கிட்டு இருந்தா அது அங்கனயேதான் கெடக்கும்." அந்த வருடம் நான் நடனம், பேச்சுப் போட்டி, வலைப்பந்து எல்லாவற்றிலும் பெயர் கொடுத்திருந்தேன். பாட்டி அந்தப் பழமொழியை எனக்காகத் தைத்துக் கொடுத்தார்.

1897இல் ஹெர்மன் ஜென்சன் என்ற டென்மார்க் நாட்டு மிஷனரி 3,644 தமிழ்ப் பழமொழிகளைப் பொருள்வாரியாகப் பிரித்து ஒரு நூல் வெளியிட்டார். அவருக்கு முன்பே பெர்சிவல் பாதிரியார் ஆறாயிரத்துக்கும் மேல் திரட்டியிருந்தார். அத்தனையையும் வரிசையாகப் படித்தால் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும். 'பதறாத காரியம் சிதறாது' என்பதும் நம்முடையதுதான். 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்பதும் நம்முடையதுதான். ஒருவன் கடை வைக்கலாமா என்று யோசிக்கும்போது இரண்டில் எதைச் சொல்வது? அது அவனையும் அவன் கையிருப்பையும் தெரிந்தவருக்குத்தான் தெரியும். பாட்டிக்குத் தெரிந்தது. காலண்டர் தாளுக்கு எப்படித் தெரியும்? எனக்கும் தெரியாது. நான் யாரென்றே தெரியாத சில ஆயிரம் பேருக்குச் சேர்த்து ஒரே பொட்டலத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த மாதத்தில்தான் தோள்வலி அதிகமாகி பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன். அங்கே பார்வையற்றவர்கள் நடத்தும் உடம்புப் பிடி நிலையங்கள் வரிசையாக இருப்பது உங்களுக்குத் தெரியும். 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. பாதத்தால் உணர்ந்து நடக்கும்படி மேடு வைத்த மஞ்சள் நடைபாதையும் அங்கே உண்டு. அதன் மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போகும் நம் ஆட்களும் உண்டு.

எனக்குப் பிடித்துவிட்டவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். நான் வாய் திறந்து இரண்டு வார்த்தை பேசியதுமே, "காலைல ரேடியோல வர்றவங்கதானே?" என்றார். பார்வையற்றவர்களைப் போல வானொலி கேட்பவர்கள் வேறு யாருமில்லை. அவர்களிடம் எதையும் மறைக்க முடியாது.

"நீங்க வாசிக்கறப்பவும் பேசறப்பவும் மூச்சு விடற எடம் வேற" என்றார், என் தோளை அழுத்திக்கொண்டே. "டிராபிக் சொல்றப்ப, நேயர்கூடப் பேசறப்ப, நீங்க நீங்களா இருக்கீங்க. அந்தக் குழல் ஊதறப்ப மட்டும் வேற ஆளு வந்துடறாங்க. கோயில் மைக்ல செருப்ப வெளிய விடுங்கன்னு சொல்வாங்களே, அந்தக் குரல்."

சிரித்துவிட்டேன். வலித்தது, இரண்டு விதத்திலும்.

அவருக்குப் பத்தொன்பது வயதில் பார்வை போனதாம். "அப்ப வீட்டுக்கு வந்தவங்க எல்லாம் தன்னம்பிக்கையப் பத்திப் பேசுவாங்க. ஒரு கண் போனா ஆயிரம் கண் தொறக்கும்னு ஒருத்தரு சொன்னாரு. எனக்குப் போனது ரெண்டு கண்ணு. அந்தக் கணக்குல ரெண்டாயிரம் வரணும், இன்னும் வரல." அவருக்கு எது உதவியது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, பயிற்சிக்குப் போன முதல் நாள், சொல்லிக்கொடுத்தவர் இவருடைய கையைப் பிடித்து இன்னொருவர் முதுகில் வைத்தாராம். "இது தோள்பட்ட எலும்பு. இங்கேருந்து ஆரம்பிங்க" என்றாராம். "அவ்ளோதான் சொன்னாரு. அதுக்கு முன்னால ஒரு வருசம் எல்லாரும் எனக்கு என்னென்னமோ சொன்னாங்க. எங்கேருந்து ஆரம்பிக்கறதுன்னு யாரும் சொல்லல."

சனிக்கிழமை இரவுகளில் நண்பர்களோடு கேஎல் சென்ட்ரல் பக்கத்துப் பேரங்காடிக்குப் படம் 'பார்க்க'ப் போவாராம். வடிவேலு படமாக இருந்தால் இன்னும் விசேஷம், திரையரங்கம் மொத்தமும் சிரிக்கிற சத்தத்துக்கே அந்தக் காசு தகும் என்றார். வெள்ளிக்கிழமைதோறும் நான் 'வாழ்க்கையை அனுபவியுங்கள்' வகைப் பொன்மொழி சொல்வது வழக்கம். ஒரு பாதுகாவலர் ஒருமுறை, "அனுபவிக்க லீவு வேணுமே மேடம்" என்று எழுதியிருந்தார். இந்த மனிதர் யாரிடமும் உபதேசம் கேட்காமல் சனிக்கிழமைக்கு டிக்கெட் எடுத்துவிடுகிறார்.

வெளியே வந்தால் துன் சம்பந்தன் சாலை. தோள் இலேசாகியிருந்தது, தே தாரே குடித்துக்கொண்டு பெயர்ப்பலகையைப் பார்த்தபடி நின்றேன். எத்தனை ஆயிரம் தடவை இந்தச் சாலையின் பெயரை நெரிசல் செய்தியில் சொல்லியிருக்கிறேன்! அன்றைக்குத்தான் பாட்டியின் பிஸ்கட் டின் ஞாபகம் வந்தது.

அந்த டின்னில் பிறப்புப் பத்திரம், தாத்தாவின் அடையாள அட்டை, ஒரு ஜோடி கம்மல், இவற்றோடு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் புத்தகமும் பழைய ரசீதுகளும் இருந்தன. இளைய வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். 1950களில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று அதற்குப் பெயர். 1951 முதல் 1960 வரை நடந்த அந்தத் துண்டாடலைப் பற்றிப் பேராசிரியர் உங்கு அசிஸ் தலைமையில் ஓர் ஆய்வே நடந்தது. தோட்டம் கைமாறினால் வேலை போகும். வேலை போனால் லயத்து வீடும் போகும். தலைமுறையாக இருந்தவர்கள் சட்டி பானையோடு சாலையோரத்தில் நிற்க வேண்டியதுதான்.

அப்போது அமைச்சராகவும் மஇகா தலைவராகவும் இருந்த வீ.தி. சம்பந்தன் 1960இல் அந்தக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு நூறு வெள்ளி. நூறு வெள்ளியை மொத்தமாகப் பார்த்திராத மக்கள் அவர்கள். அதனால் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம் என்று ஏற்பாடு. தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். மறு வருடமே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்துக்குச் சொந்தமானது. பால்மரம் வெட்டியவர்கள் பணம் போட்டு வாங்கிய தோட்டம். அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது. அதைப் பற்றிய விமர்சனங்களும் வழக்கடிகளும் உண்டு. அது வேறு கட்டுரை.

அந்தக் காலத்தில் பேசியதெல்லாம் பாட்டிக்கு ஞாபகம் இருந்ததா என்று நான் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது ஒருமுறை கேட்டிருக்கிறேன். ஒப்படைப்புக்காகத்தான். சொற்பொழிவில் இருந்து ஒரு நல்ல வரி கிடைத்தால் ஒப்படைப்பு சிறக்கும் என்று எனக்கு ஆசை. "என்னமோ பேசுனாங்க, நல்லாத்தான் பேசுனாங்க" என்றார் பாட்டி. "பேசி முடிச்சப்பறம் மேச போட்டு ஒக்காந்து பத்து வெள்ளிக்கு ரசீது எழுதிக் குடுத்தாங்க. என் பேர்ல. தாத்தா பேர்ல இல்ல, என் பேர்ல." ஒப்படைப்புக்கு உதவாது என்று அப்போது நான் அதைக் குறிப்பெடுக்கவில்லை. அதற்குக் கொஞ்சம் வயதாக வேண்டியிருந்தது போல.

தே தாரே ஆறிப்போயிருந்தது. கிள்ளான் அக்காவுக்கு அங்கிருந்தே எழுதினேன். 'அன்றைக்கு நான் சொன்னது தப்பு. உங்களைப் பார்க்க வரலாமா?' பதில் இரவு பத்து மணிக்கு வந்தது. 'ஞாயித்துக்கிழம வாங்க, பூக்கடைல இருப்பேன்.'

கிள்ளானில் தெங்கு கிளானா சாலை, ஞாயிறு காலை. சேலைக்கடைகள் திறக்கும் நேரம், முறுக்கு பொரிக்கும் வாசனை. ஒரு பூக்கடை ஓரத்தில் முக்காலியில் உட்கார்ந்து கேமரன் மலைச் சாமந்தியை மாலையாகக் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு மாலைக்கு இவ்வளவு என்று கூலி. நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்ததும், "அது கெடக்கட்டும், பசியாறிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்துக் கடைப் பையனிடம் இரண்டு தோசை சொன்னார். நான் தயாரித்துக்கொண்டு போயிருந்த பேச்சு அதோடு முடிந்தது.

கணவருக்கு வேலை கிடைத்துவிட்டதா என்று கேட்கத் தயக்கமாக இருந்தது. அவரே சொன்னார். பதிவு அனுப்பி மூன்று வாரம் கழித்துப் பக்கத்து வீட்டு லோரி ஓட்டுநர் கதவைத் தட்டினாராம். போர்ட் கிள்ளானுக்கும் கிடங்குகளுக்கும் சரக்கு ஏற்றி ஓடுபவர்.

"அந்த அண்ணன் வேற எதுவும் பேசல தங்கச்சி. 'நாளைக்கு எனக்கு ஒரு ஆளு கொறையுது. அஞ்சு மணிக்கு ஹோர்ன் அடிப்பேன், ரெடியா இருங்க'ன்னாரு. எங்க வீட்டுக்காரரு, 'எனக்கு லோரி வேல தெரியாதே'ன்னாரு. 'எனக்கும்தான் மொத நாளு தெரியல'ன்னுட்டுப் போய்ட்டாரு. ராத்திரி பூரா இவரு தூங்கல. நாலரைக்கே சட்ட மாட்டிக்கிட்டு வாசல்ல ஒக்காந்துட்டாரு."

வாரத்தில் மூன்று நாள்தான் வேலை, சம்பளம் முன்பு வாங்கியதில் பாதிக்கும் கீழே என்றார். பெரிய மகளின் கல்லூரிக் கடன் இருக்கிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான், சரியாகவில்லை. ஆனால் சாப்பிடுகிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூப்பிடும் முகாம்களுக்கும் வேலைக் கண்காட்சிகளுக்கும் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்.

நிலையத்துக்குத் திரும்பிக் 'குழலை' நிறுத்திவிடலாம் என்றேன். தயாரிப்பாளர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்த முப்பது வினாடிக்கு ஒரு கோப்பித்தூள் விளம்பரதாரர் இருக்கிறார் என்பதை நான் மறந்துவிட்டேன். பேரம் பேசி, திங்கட்கிழமையை மட்டும் வாங்கினேன். திங்களன்று பொன்மொழி கிடையாது. அதற்குப் பதில் நேயர்களிடம் ஒரு கேள்வி: நீங்கள் விழுந்து கிடந்த நேரத்தில் யாராவது சொன்ன ஒரு வார்த்தை உங்களை எழுப்பியதா? யார், எப்போது, என்ன வார்த்தை?

முதல் வாரம் நான்கு பேர்தான் எழுதினார்கள். அதில் ஒருவர் கவிதை அனுப்பியிருந்தார், சொந்தக் கவிதை, பதினெட்டு பத்தி. பிறகு மெல்ல வரத் தொடங்கின. ஒரு தாதி, பயிற்சிக் காலத்தில் கை நடுங்கி நின்றபோது மூத்த தாதி சொன்னது: "முதல் ஊசி எல்லாருக்கும் நடுங்கும். நான் பக்கத்துலயே நிக்கிறேன்." பூச்சோங்கில் இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருக்கும் ஒரு தாய், வீட்டுக்காரரான மலாய்ப் பெரியவர் வாடகைக்கு வந்து நின்று, வீட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னது: "பூலான் டெப்பான் பூன் போலே." அடுத்த மாதம் கொடுத்தாலும் சரி. விவாகரத்தாகித் திரும்பிய ஒருத்திக்கு ராவாங்கில் இருக்கும் அக்கா தினமும் காலையில் அனுப்பியது: "பசியாற வா." ஆறு மாதம், தினமும் அதே இரண்டு வார்த்தை. ஒரு பணி ஓய்வு பெற்ற ஆசிரியர், "எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. நானேதான் எழுந்தேன். இதையும் வாசியுங்கள்" என்று எழுதியிருந்தார். வாசித்தேன். அன்றைக்குத்தான் அதிக அழைப்புகள் வந்தன.

எல்லாருக்கும் இது பிடித்துவிட்டது என்று சொல்ல முடியாது. செந்தூலிலிருந்து ஒரு பாட்டி, எழுபத்தெட்டு வயது, பேத்தியின் கைப்பேசியிலிருந்து அழைத்தார். நான் சொல்லும் பொன்மொழியைத் தினமும் பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைப்பவராம். பதினோரு நோட்டு முடிந்திருக்கிறது. "திங்கக்கெழம எழுத ஒன்னும் இல்லாம என் கை சும்மா இருக்கும்மா" என்றார். சின்ன வயதில் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்களாம்; எழுத்து மறந்துவிடக் கூடாது என்றுதான் இந்தப் பழக்கம். எந்த வாசகம் உங்களுக்கு ரொம்பப் பிடித்தது பாட்டி என்று கேட்டேன். "அதெல்லாம் ஞாபகமில்ல. நீ மெதுவா சொல்ற, எழுத வசதியா இருக்கு" என்றார். இப்போது செவ்வாய் முதல் வெள்ளி வரை பொன்மொழியை இரண்டு தடவை சொல்கிறேன். இரண்டாம் தடவை சொல்வதெழுதல் வேகத்தில். கேட்பவர்களில் சிலர் எனக்கு மறதி என்று நினைக்கிறார்கள். பரவாயில்லை. ஓசையைக் கழற்றிவிட்டு அர்த்தத்தை ஒருமுறை எழுதிப் பார்க்காமல் எதையும் ஒலிவாங்கிக்குக் கொண்டுபோவதில்லை என்பது மட்டும் என் சொந்தச் சட்டம். அப்படிப் பார்த்தால் பத்தில் ஆறு தேறுவதில்லை.

போன மாதம் கிள்ளான் அக்காவிடமிருந்து இன்னொரு பதிவு. இந்தத் தடவை பின்னால் காற்று இரைச்சல், கப்பல் ஊதும் ஒலி.

"தங்கச்சி, தஞ்சோங் ஹாராப்பான்ல இருக்கோம். கப்பல் பார்க்க வந்தோம், ரொம்ப நாளாச்சு. லோரி அண்ணன் குடும்பமும் வந்துருக்கு. இவரு சோளம் ரெண்டு கேட்டு வாங்கித் திங்கிறாரு, சக்கர இருக்குன்னு டாக்டரு வேணாம்னாரு, கேட்டாத்தானே. ஒங்ககிட்ட பேசணுமாம், இந்தாங்க..."

கொஞ்ச நேரம் காற்று மட்டும். பிறகு எனக்குப் பழக்கமில்லாத ஓர் ஆண் குரல், தொண்டையைச் செருமிக்கொண்டு:

"அம்மா, கூட்டரசு நெடுஞ்சாலைல புக்கிட் ராஜா கிட்ட எப்பவும் நெரிசல்னு சொல்றீங்களே. காலைல அஞ்சரைக்கு அங்க ரோடு காலியா இருக்கும். நான் தெனமும் பாக்குறேன். அதையும் சொல்லுங்க."